அன்புக்கு ஒழுங்கு தந்த அடிகளார்

புனித வின்சென்ட் டி போல் (1581 – 1660)



நமது ஊர்களில் ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், அன்று அந்த வீட்டார் அடுப்பு மூட்டுவதற்கு அயலவர் விடுவதில்லை. நான்கு வீட்டுச் சோறு வந்து சேரும். தேநீர் வரும். கதிரையும் வாங்கும் வரும். அடக்கம் முடிகிறது, 31ஆம் நாள் திருப்பலியும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. அதன்பின் அந்த விதவையின் வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? முதல் நாள் மிஞ்சிப்போன சோறு ஐம்பதாம் நாள் இல்லாமற் போவது ஏன்? நம்மிடம் இரக்கம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. இருக்கின்ற இரக்கமெல்லாம் ஒரே நாளில் செலவாகிவிடுகிறது என்பதே குறை.

இந்தக் குறையை 400 ஆண்டுகளுக்கு முன்னர் பிரான்சு நாட்டில் ஒரு பங்குக் குரு கண்டார். கண்டதோடு நில்லாமல் அதற்கு மருந்தும் தேடினார். போர், பஞ்சம், அகதி வாழ்வு, கைவிடப்பட்ட குழந்தைகள், அடிமைத்தனம் என, இன்றும் உலகை வாட்டுகின்ற துன்பங்களை அந்த மருந்தைக் கொண்டே எதிர்கொண்டார். சமூகப்பணி என்று இன்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் துறையின் வரலாற்றை எழுதுவோர், அவரை அதன் முன்னோடிகளில் ஒருவராகக் கொள்கின்றனர். அவரே புனித வின்சென்ட் டி போல். அவருடைய பெயரைப் பங்கிலுள்ள ஒரு சபையின் பெயராக நீங்கள் அறிவீர்கள். அவருடைய வாழ்வையும் சற்று அறிந்துகொள்வோம்.

பதவி தேடிய இளங்குரு

பிரான்சின் தென்மேற்கே, டாக்ஸ் நகருக்கு அண்மையில் உள்ள பூயி என்ற சிற்றூரில் 1581இல் வின்சென்ட் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் அவர் மூன்றாமவர். தந்தை சிறு கமக்காரர். சிறுவன் ஆடும் பன்றியும் மேய்த்தான். மகனுடைய கூரிய புத்தியைக் கண்ட தந்தை அவனை டாக்ஸ் நகருக்குப் படிக்க அனுப்பினார். பின்னர் மேற்படிப்புக்காகத் தம்மிடமிருந்த எருதுகளை விற்றுப் பணம் கொடுத்தார்.

புனிதர் என்றால் தொட்டிலிலேயே புனிதராய் இருந்திருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். கந்தல் உடையுடன் காலை இழுத்து நடந்துவரும் தம் தந்தையுடன் தெருவில் நடப்பதற்கு அந்த மாணவன் வெட்கப்பட்டான். முதுமையில் வின்சென்ட் அடிகளாரே இதைத் தம் சபையோருக்கு எடுத்துச் சொல்லி வருந்தினார். 1600இல் குருப்பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 19. திரிதெந்து பொதுச்சங்கம் விதித்திருந்த வயதை அவர் இன்னும் எட்டவில்லை. நல்ல வருமானமுள்ள பதவி ஒன்றைப் பெற வேண்டும், குடும்பத்தைத் தாங்க வேண்டும், காலத்தோடு ஊர் திரும்ப வேண்டும் என்பதே அந்நாளில் அவருடைய எண்ணமாயிருந்தது. 1608இல் பாரிஸ் வந்தார். 1610இல் மார்கரீத் அரசியின் இல்லத்தில் தருமம் பகிரும் குருக்களில் ஒருவரானார். 1613இல் பெருஞ் செல்வராகிய கோந்தி பிரபுவின் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். தேடிய வாழ்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

1617ஆம் ஆண்டு அந்த வாழ்வைத் திசை திருப்பியது. அவ்வாண்டு சனவரியில், கோந்தி குடும்பத்தின் நிலங்களில் வாழ்ந்த ஒரு குடியானவர் மரணப் படுக்கையில் அடிகளாரிடம் முழுமையான பாவசங்கீர்த்தனம் செய்தார். ஊரில் நல்லவர் என்று பெயர் பெற்றிருந்த அவர், பல ஆண்டுகளாகச் சொல்லாமல் மறைத்திருந்த பாவங்களை அன்று இறக்கிவைத்து ஆறுதல் அடைந்தார். கிராமத்து மக்கள் மேய்ப்பரின்றிக் கிடக்கிறார்கள் என்பது அடிகளாருக்கு விளங்கியது. சனவரி 25ஆம் நாள் போல்வில் ஆலயத்தில் அவர் மறையுரை ஆற்றினார். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தோரின் தொகை பெருகியதால், அமியேன் நகரிலிருந்து இயேசு சபைக் குருக்களை உதவிக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

சத்தியோனில் ஒரு ஞாயிறு

அதே ஆண்டில் அவர் பிரபுவின் மாளிகையை விட்டு, சத்தியோன் என்ற சிற்றூருக்குப் பங்குக் குருவாகச் சென்றார். ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் திருப்பலிக்காக உடை அணிந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு பெண் வந்து, ஊருக்குச் சற்றே வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் நோயாய்க் கிடக்கிறார்கள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை என்று அறிவித்தாள். அடிகளார் மறையுரையில் அதை எடுத்துச் சொன்னார்.

மாலைச் செபத்தின் பின் தாமும் அந்த வீட்டை நோக்கி நடந்தார். வழியெல்லாம் சனம். சிலர் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிலர் சுமையோடு போகிறார்கள். வெயில் தாங்காமல் சிலர் மரநிழலில் இருந்து இளைப்பாறுகிறார்கள். வீட்டினுள்ளே பாணும் இறைச்சியும் குவிந்து கிடந்தன.

வேறு எந்தப் பங்குக் குருவும் அன்று நிறைந்த மனத்தோடு வீடு திரும்பியிருப்பார். தம் மறையுரை இவ்வளவு பலன் தந்ததே என்று மகிழ்ந்திருப்பார். அடிகளாருடைய மனம் வேறொன்றைக் கணக்கிட்டது. இந்த உணவு இரண்டு நாளிற் பழுதாகிவிடும். மூன்றாம் நாள் இவர்கள் மீண்டும் பட்டினி. இந்த மக்களிடம் அன்பு மிகுதியாய் உண்டு. அந்த அன்பு ஒழுங்கின்றி இருக்கிறது.

மூன்று நாட்களின் பின், ஆகஸ்ட் 23ஆம் நாள், ஊர்ப் பெண்கள் சிலரைக் கூட்டினார். ஆளுக்கொரு நாளாக முறை வகுத்து நோயாளரைப் பார்ப்பதென்று தீர்மானித்தார்கள். மூன்று மாதம் அப்படிச் செய்து பார்த்தபின், அந்த அனுபவத்தைக் கொண்டே விதிகள் எழுதப்பட்டன. நவம்பரில் அவற்றுக்குத் திருச்சபை அதிகாரியின் அனுமதி கிடைத்தது. டிசம்பர் 8ஆம் நாள் அன்புச் சபை முறைப்படி நிறுவப்பட்டது.

அந்த விதிகளை வாசிப்போர் வியப்படைவர். தலைவி ஒருத்தி, பொருளாளர் ஒருத்தி, வரவு செலவுக் கணக்கு, ஆண்டுதோறும் கணக்குப் பார்த்தல் என எல்லாம் அதில் உண்டு. உதவி பெறத் தகுந்தவர் யார் என்று ஆராய்ந்து ஏற்க வேண்டும். இவை நிருவாகம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. நோயாளியின் வீட்டினுள் நுழையும்போது முகமலர்ச்சியோடு வாழ்த்த வேண்டும். கட்டிலில் பலகை வைத்துத் துணி விரித்து, உணவுப் பாத்திரத்தை வைக்க வேண்டும். நோயாளியின் கையைக் கழுவிவிட வேண்டும். உணவுச் செபம் சொல்ல வேண்டும். இறைச்சியை வெட்டிக் கொடுத்து, மனமில்லாதவரை அன்போடு உண்ணச் செய்ய வேண்டும். வீட்டில் துணைக்கு ஆளுள்ள நோயாளருக்கு முதலிற் கொடுத்துவிட்டு, தனியே கிடப்பவரிடம் கடைசியாகப் போக வேண்டும். அப்போதுதான் அவருடன் கூடிய நேரம் இருக்கலாம் அல்லவா?

வாசகர்களே, இந்தக் கடைசி விதியைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். தனிமையும் ஒரு நோய், அதற்கும் மருந்து நேரம் என்பதை அறிந்த ஒருவரே அதை எழுதியிருக்க முடியும். கணக்குப் புத்தகமும் கனிந்த முகமும் ஒரே விதிநூலில் இருந்தன. வின்சென்ட் அடிகளாரின் வாழ்நாட்பணி முழுவதும் இந்த இரண்டையும் பிரியாமல் காத்ததே ஆகும்.

மாடு மேய்த்த பெண்ணும் பிரபு குலத்து விதவையும்

அன்புச் சபைகள் ஊருக்கு ஊர் பெருகின. 1625இல் கிராமங்களுக்கு மறையறிவிக்கும் குருக்களுக்காக அடிகளார் மறைபரப்பு அருட்சபையை நிறுவினார். 1632இல் பாரிசில் புனித லாசரு இல்லம் அவர்களுக்குக் கிடைத்தது. அதனால் அச்சபையினர் லாசரிஸ்துகள் என்றும் அழைக்கப்படலாயினர்.

ஊர்களில் நன்கு நடந்த அன்புச் சபை பாரிஸ் நகரில் இடறியது. அங்கே அதில் சேர்ந்தவர்கள் செல்வச் சீமாட்டிகள். பணம் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு ஏழையின் மாடிப்படி ஏறுவதற்கு அவர்களிற் பலருக்குக் கூச்சம்; தங்களுக்குப் பதிலாக வேலைக்காரரை அனுப்பினார்கள். வேலைக்காரரோ கடமைக்காகப் போனார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவள் மார்கரீத் நசோ என்ற மாடு மேய்த்த பெண். சுரேன் என்ற ஊரைச் சேர்ந்தவள். மாடுகளின் பின்னே நடந்தபடி, வழியிற் போவோரிடம் எழுத்துக் கேட்டுத் தானாகவே வாசிக்கக் கற்றவள். பின் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தவள். ஏழைகளுக்குப் பணிசெய்ய விரும்பி அவள் தானாக வந்து அடிகளாரைக் கண்டாள். அவளைப் பார்த்து வேறு கிராமத்துப் பெண்களும் வந்தனர். 1633இல் கொள்ளை நோயுற்ற ஒரு பெண்ணுக்குத் தன் படுக்கையில் இடம் கொடுத்து, அதே நோயால் அவள் இறந்தாள்.

அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள், லூயிஸ் டி மரிலாக் என்ற விதவைத் தாய் சில கிராமத்துப் பெண்களைத் தம் வீட்டில் சேர்த்துப் பயிற்றத் தொடங்கினார். அன்பின் புதல்வியர் சபை அப்படித்தான் பிறந்தது. லூயிஸ் அம்மையார் உயர்குலத்தவர், நிறைந்த கல்வியுள்ளவர். 1629 முதல் அவர் ஊரூராகச் சென்று அன்புச் சபைகளைப் பார்வையிட்டு, கணக்கை நோக்கி, தளர்ந்தவற்றைத் தூக்கி நிறுத்தி வந்தார். இன்று சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும் என்கிறார்களே, அதை அன்றே செய்தவர் அவர்.

அக்காலத் திருச்சபைச் சட்டப்படி கன்னியர் என்றால் மடத்துச் சுவருக்குள் அடைந்து வாழ வேண்டும். நோயாளரைச் சந்திக்கும் நோக்கத்தோடு தொடங்கிய வேறொரு சபை அவ்வாறே சுவருக்குள் அடைக்கப்பட்டதை அடிகளார் கண்டிருந்தார். ஆகவே தம் பெண்களைத் துறவியர் என்று அழைக்கவே அவர் இடம் கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பங்கு ஆலயமே சிற்றாலயம். நகரத் தெருக்களே மடத்து முற்றம். செப நேரத்தில் ஒரு நோயாளி அழைத்தால் செபத்தை விட்டுப் போகலாம், அது கடவுளை விட்டுக் கடவுளிடமே போவதாகும் என்று கற்பித்தார்.

எவரும் ஏற்காத குழந்தைகள்

பாரிஸ் நகரில் ஆலய வாசல்களிலும் தெருக்களிலும் ஆண்டுதோறும் முந்நூறுக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் விடப்பட்டன. அவற்றை ஏற்பதற்கென ஒரு வீடு இருந்தது. பணமில்லை, பால் கொடுக்கும் தாய்மாரில்லை. அழுகையை அடக்க மயக்க மருந்து கொடுத்தார்கள். சிலவற்றைச் சில காசுக்கு விற்றார்கள். அங்கே போன குழந்தைகளில் பிழைத்தவை மிகச் சில.

1638இல் அடிகளாரின் தூண்டுதலால் அன்புச் சபைப் பெண்கள் பரீட்சையாகச் சில குழந்தைகளை ஏற்றனர். எல்லோரையும் ஏற்கப் பணம் போதாமையால் 12 பேரைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தெரிந்தனர். மற்றக் குழந்தைகளை விட்டுவிட்டு வரும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 1640இல் அனைவரையும் ஏற்பதென்று முடிவு செய்தனர். குழந்தைகள் கிராமத்துப் பாலூட்டும் தாய்மாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கன்னியர் அந்த வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளின் நிலையை நேரிற் பார்த்து வந்தனர். வளர்ந்தவர்களுக்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்கப்பட்டன.

பாவத்திற் பிறந்த பிள்ளைகளைப் பேணுவது பாவத்தை வளர்ப்பதாகாதா என்று கேட்டவர்களும் உண்டு. போரினால் பணமும் குறைந்தது. 1647இல் அந்தப் பணியைக் கைவிடும் நிலை வந்தது. அடிகளார் அந்தப் பெண்களைக் கூட்டி, இதுவரை தாய்மாராயிருந்த நீங்கள் இப்போது நீதிபதிகளாகி, இவர்கள் வாழ்வதா சாவதா என்று தீர்ப்பிட வேண்டும் என்ற கருத்தை அவர்கள் முன் வைத்தார். பணி தொடர்ந்தது.

போர் நிலத்தில் நிவாரணம்

முப்பதாண்டுப் போர் லொரேன் நாட்டைச் சுடுகாடாக்கியது. படைகள் மாறிமாறிக் கொள்ளையிட்டன. பின்னால் பஞ்சமும் கொள்ளை நோயும் வந்தன. 1639 முதல் அடிகளார் பாரிசில் பணம் திரட்டி, தூல், மெத்ஸ், வெர்டன், நான்சி முதலிய நகரங்களுக்குத் தம் சபைக் குருக்களையும் சகோதரர்களையும் அனுப்பினார். பணத்தைச் சுமந்தவர் மத்தேயு ரெனார் என்ற சகோதரர். பிச்சைக்காரரின் கிழிந்த பைக்குள் பொற்காசுகளை மறைத்து, கள்வருக்கும் படைவீரருக்கும் நடுவே அவர் 50க்கு மேற்பட்ட தடவை பயணஞ் செய்தார். ஒரு தடவையும் பணம் பறிபோகவில்லை. இடம்பெயர்ந்து பாரிஸ் வந்த மக்களுக்கு உறைவிடமும் வேலையும் தேடிக் கொடுக்கப்பட்டன. பிரபு குலத்து அகதிகள் கைநீட்ட வெட்கி ஒளிந்து பட்டினி கிடந்தனர். அவர்களுக்கு உதவ அவர்களுடைய குலத்தவரையே கொண்டு தனிக் குழு அமைத்தார்.

1650களில் பிக்கார்டி, சம்பாஞ் மாகாணங்களில் அதே அழிவு நேர்ந்தது. அங்கிருந்து பணியாளர் எழுதிய கடிதங்கள் அச்சிடப்பட்டுப் பாரிஸ் மக்களுக்கு விநியோகிக்கப்பட்டன. கண்ணாற் காணாத துன்பத்துக்கு மக்கள் கைகொடுக்க வேண்டுமானால் செய்தி வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். உணவோடு அடிகளார் நிற்கவில்லை. நிலமுள்ளவருக்கு விதை, உழைக்கக் கூடியவருக்குக் கருவி, பெண்களுக்கு நூல் நூற்கும் இராட்டை கொடுக்கச் சொன்னார். வேலை செய்ய முடியாத முதியோருக்கும் நோயாளருக்கும் மட்டுமே தொடர்ந்து உணவு கொடுப்பது முறையென்றார். நிவாரணம் மனிதனை எழுந்து நிற்கச் செய்ய வேண்டும், என்றும் குந்தியிருக்கச் செய்யக் கூடாது என்பதே அவர் கொள்கை.

கடல் கடந்தும் அவர் கை நீண்டது. 1619இல் அரசன் அவரைத் துடுப்புக் கப்பல்களின் தலைமை ஆன்ம குருவாக நியமித்தான். சங்கிலியிற் கட்டுண்டு துடுப்பு வலித்த கைதிகளுக்கு அவர் நண்பரானார். 1645இல் துனிசுக்கும் மறு ஆண்டு அல்ஜியர்சுக்கும் குருக்களை அனுப்பி, அங்கே அடிமைகளாயிருந்த கிறிஸ்தவர்களைத் தேற்றவும் மீட்கவும் வழி செய்தார். 1648இல் மடகஸ்கார் தீவுக்கும் சபைக் குருக்கள் சென்றனர்.

அரண்மனை வாசலில்

பசிக்குக் கஞ்சி ஊற்றினாற் போதுமா, பசியை உண்டாக்கும் போரை யார் நிறுத்துவது? இந்தக் கேள்வியிலிருந்து அடிகளார் ஒளிந்துகொள்ளவில்லை. 1643 முதல் அவர் ஆன் அரசியின் திருச்சபை ஆலோசனைக் குழுவில் இருந்தார். 1649 சனவரியில், உள்நாட்டுக் கலகத்தால் பாரிஸ் முற்றுகையிடப்பட்டது. 67 வயது முதியவர் குதிரையேறி, பெருக்கெடுத்த சேன் ஆற்றைக் கடந்து அரசியிடம் போனார். முதலமைச்சர் கர்தினால் மசாரின் பதவி விலகினால் மக்கள் பிழைப்பர் என்று நேரே எடுத்துரைத்தார். பலன் கிடைக்கவில்லை. அரசி பக்கம் சென்றாரென்று பாரிஸ் மக்கள் கோபித்தனர். புனித லாசரு இல்லம் சூறையாடப்பட்டது. 1652இல் மீண்டும் மசாரினுக்கு எழுதினார். ஆலோசனைக் குழுவில் அவருக்கிருந்த இடம் பறிபோயிற்று. ஏழைகளுக்காகப் பேசப் போனவர் இரு பக்கத்தாருக்கும் பகையாவது அன்றும் நடந்ததே.

1656இல் இன்னொரு சோதனை வந்தது. பாரிசின் பிச்சைக்காரர் அனைவரையும் பிடித்துப் பெரும் பொது இல்லத்தில் அடைக்க அரசாங்கம் ஆணையிட்டது. அடிகளார் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இல்லம் தொடங்கியிருந்தார். அங்கே 40 முதியோர் தம் விருப்பப்படி வந்து, இயன்ற கைத்தொழில் செய்து அமைதியாய் வாழ்ந்தனர். அதைப் பார்த்தே பெரிய இல்லம் பற்றிய எண்ணம் சிலருக்கு எழுந்தது. ஆனால் பலவந்தம் அடிகளாருக்கு உடன்பாடில்லை. அந்த இல்லத்தின் ஆன்ம குருக்களாகத் தம் சபையினரைக் கேட்டபோது அவர் இணங்கவில்லை. ஒழுங்கில்லாத அன்பு இரண்டு நாளிற் பழுதாகும் என்று சத்தியோனிற் கண்டவர், அன்பில்லாத ஒழுங்கு சிறைச்சாலையாகும் என்பதைப் பாரிசிற் கண்டார்.

விட்டுச் சென்ற வழி

1660 மார்ச்சில் லூயிஸ் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். கால்கள் வீங்கி நடக்க முடியாதிருந்த அடிகளார், அதே ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள் அதிகாலையில் கதிரையில் இருந்தபடியே உயிர் துறந்தார். 1737இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. 1885இல் பாப்பரசர் 13ஆம் லியோ அவரைத் திருச்சபையின் அன்புப் பணிகளுக்கெல்லாம் பாதுகாவலராக அறிவித்தார்.

1833இல் பாரிஸ் பல்கலைக்கழக மாணவரான பிரெடெரிக் ஓசானாம் தம் நண்பர்களுடன் ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கும் சபை ஒன்றைத் தொடங்கி, அதற்கு இப்புனிதரின் பெயரைச் சூட்டினார். எந்த ஏழையிடம் போவது, எப்படிப் போவது என்று அந்த இளைஞருக்குக் காட்டிக் கொடுத்தவர் அன்பின் புதல்வியர் சபையின் சகோதரி ரோசலி. அந்தச் சபைதான் நமது நாட்டுப் பங்குகளிலும் இயங்கும் புனித வின்சென்ட் டி போல் சபை. சத்தியோன் பெண்கள் வகுத்த முறை இப்படியாக உங்கள் ஆலய வளவு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வாசகர்களே, நம்மிற் பலர் கொடுக்கும் பக்கத்தில் மட்டும் நின்றவர்களல்லர். இடம்பெயர்ந்த நாட்களிலும், 2004 ஆழிப் பேரலையின் பின்னும், நிவாரண வரிசையில் அட்டையோடு காத்து நின்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வாங்கிய மாவின் அளவு மறந்திருக்கும். அதைத் தந்தவரின் முகம் மறக்காது. ஆகவே வின்சென்ட் அடிகளாரின் விதிநூல் நமக்குப் புரியாத ஒன்றன்று.

உலகத் துன்பம் முழுவதையும் நீங்கள் தீர்க்க வேண்டியதில்லை. அடிகளார் ஒரே ஒரு வீட்டிலிருந்தே தொடங்கினார். உங்கள் வட்டாரத்தில் 31ஆம் நாள் கடந்த ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து, யார் எந்தக் கிழமை போவது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொடுத்ததற்குக் கணக்கு வையுங்கள். போகும்போது கொண்டுபோனதைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் இருந்து கதையுங்கள். ஒருவருமில்லாமல் தனியே இருப்பவரிடம் கடைசியாகப் போங்கள். அங்கே நேரத்தைப் பார்க்காதீர்கள்.